ஒட்டுத் தெரியாத கப்பல்

அதெல்லாம் அடைக்க முடியாது டீச்சர், நீங்க எத்தனை தடவை கேட்டாலும் முடியாதுதான். கதவுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடுக்கு இருக்கு, அது வழியா பூரான் வருது, மண்ணு வருது, கீழ மீன் பொரிக்கிற வாடை வருதுன்னு சொல்லுதிய, வரட்டும், பூரான் வந்தா செருப்பக் கழத்தி ஒரு போடு போடுங்க, அதுக்காக இந்தப் புன்னைத்துறையில எந்த ஆசாரியும் அந்த இடுக்குல கட்டையை வச்சு அடைக்க மாட்டான், எந்தக் கடையிலயும் உங்களுக்குப் பொளவு அடைக்கிற பட்டி ஒரு கிலோ நிறுத்துத் தர மாட்டாவ, கேட்டுப் பாருங்க, நீங்க விஷம் கேட்ட மாதிரி முழிப்பாவ. என்ன சிரிப்பு? ஒரு பொம்மைக் கப்பலுக்குப் பட்டி வச்சதுல ஊரே அடைபட்டுப் போகுமான்னு கேக்குதிய. உங்க தர்மபுரியில போகாது. இங்க போச்சு. மாதா கோயில் சாமியாரு கண்ணு முன்னால போச்சு, பஞ்சாயத்துத் தலைவரு கண்ணு முன்னால போச்சு, அவரு அடைபட்ட சுவத்த ரெண்டு கையாலயும் தள்ளிப் பாத்தவரு. நம்புறதும் நம்பாததும் உங்க பாடு, உக்காருங்க, முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

இந்தத் தெருவுல கடலைப் பாத்த கடைசி வீடு இருக்குல்லா, அது கஸ்பார் அண்ணன் வீடு. கப்பல்ல பிட்டரு வேலை. இங்க இருக்கிற வள்ளம் தோணியில இல்ல, ஊரூராப் போற இரும்புக் கப்பல்ல. எங்க குழாய் ஒழுகுதோ எங்க தகடு பிளக்குதோ அங்க போய் அடைக்கிறதுதான் அவிய ஜோலி. அவியளைக் கட்டினவ இஞ்ஞாசி. அந்தக் கல்யாணமே ஒரு கூத்து, மாப்பிள்ளை வர்ற கப்பலு எங்கயோ நங்கூரம் போட்டு நின்னுட்டு, இங்க பந்தல் போட்டு ஆட்டுக்கறி கொதிக்குது, மாப்பிள்ளையைக் காணோம், கறி கெட்டுப் போயிரும்னு ஊரு சாப்பிட்டுட்டுப் போயிருச்சு, அந்த வாரமே ஒரு காலைப் பூசையில வாடின வாழைத்தோரணத்துக்குக் கீழ நாலு பேரு நிக்க தாலி கட்டினாவ, மாசம் முடியுமுன்ன திரும்பவும் கப்பலேறிட்டாவ. இஞ்ஞாசிக்க அம்மை இருந்தாளே, அவளுக்குக் கப்பல்னா தெரு, வீடு, கோயிலு எல்லாம் இருக்கிற ஒரு ஊருன்னு நெனப்பு, மருமவன் போகும்போதெல்லாம் ஒரு டின்னு முறுக்கைக் கட்டிக் குடுத்து, அக்கம்பக்கத்து வீட்டுக்கும் குடுங்க மருமவனேம்பா. அவியளும் சரி அத்தேன்னு வாங்கிக்கிடுவாவ. அது கெடக்கட்டும்.

கெடக்கட்டும்னு சொன்னேன், ஆனா அதுலதான் விசயமே இருக்கு. ஒரு ஆயுசு முழுக்க அவிய ரெண்டு பேரும் சேந்து இருந்தது விடுப்புல வந்த நாளுகதான். வருவாவ, பொட்டி நெறைய சோப்பும் செண்டும் கொண்டு வருவாவ, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பழகி வாரதுக்குள்ள போயிருவாவ. அந்தக் கோலத்துலயே மவ ரோசிட்டா பொறந்தா, வளந்தா, படிச்சா, தாளமுத்துப் பட்டினத்துல கட்டிக் குடுத்தாச்சு. பொறவு கஸ்பார் அண்ணன் ஒரேயடியா வேலையை விட்டுட்டு வீட்டோட வந்துட்டாவ. இனி என்ன, ரெண்டு கெழடுகளும் சந்தோசமா இருக்கும்னு நாங்க நெனச்சோம். இஞ்ஞாசியும் அப்படித்தான் நெனச்சா. ஆனா பாத்துக்கிடுங்க, சோறு வச்சா அவிய கப்பல் மெஸ்சுல சொல்லுத மாதிரி தேங்க்ஸ்னு சொல்லுவாவ. தூங்கும்போது ஒரு கையால கட்டிலு சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டே தூங்குவாவ, கப்பலு ஆடும்லா, அந்தப் பழக்கம். இஞ்ஞாசி பக்கத்துல படுத்துக்கிட்டு அந்தக் கையையே பாத்துக்கிட்டு கெடப்பா. இடையில ஒரு தலையணை வைக்கிற எடம் எப்பவும் காலியாக் கெடக்கும், ரெண்டு பேரும் அதுக்குள்ள உருண்டு வந்திர மாட்டாவ. பேச்சுன்னா, கரண்டு பில்லு கட்டியாச்சா, வாளை மீன் நல்லா இருந்துதா, அவ்வளவுதான். அவ மாதா கோயில்ல மெழுகுதிரி பொருத்தி வேற எதுவும் கேக்கல, அந்த எடம் அடைஞ்சா போதும்னுதான் கேட்டா.

அந்தச் சமயத்துல ரோசிட்டா தலைப்பிரசவத்துக்கு வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து சேந்தா. கஸ்பார் அண்ணனும் பரண்ல இருந்து ஒரு அட்டைப் பொட்டியை எறக்கினாவ. சிங்கப்பூர்ல எப்பவோ வாங்கினது, பிளாஸ்டிக்குல துண்டு துண்டா வரும், நாமளே ஒட்டிக் கப்பலாக்கணும். நம்ம புள்ளைக வச்சு வெளாடுற சாமான் மாதிரி நெனச்சுராதிய. கம்பிக்கம்பியா ஒரு சட்டம், அந்தச் சட்டத்துல ஏணி, கொடிமரம், புகைக்குழாயி எல்லாம் பிஞ்சு வெண்டைக்கா கணக்கா தொங்கும், பிச்சு எடுத்து ஒட்டணும். கப்பலோட ஒடம்பு மட்டும் எடப்பாதி வலப்பாதின்னு ரெண்டு துண்டு. அதைச் சேத்தா நடு வயித்துல நெட்டுக்க ஒரு கோடு விழும். எவ்வளவு அழுத்திக் கட்டினாலும் விழும். மேல்தட்டைக் கொண்டு வச்சா அது ஒரு ஓரத்துல உக்காரும், மறு ஓரத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். அதுலதான் வேலையே. ஒரு டியூபுல இருந்து நாத்தம் புடிச்ச பட்டியைப் பல்லுக்குத்துற குச்சியால எடுத்து அந்தப் பொளவுல தடவணும், காயவிடணும், தண்ணியத் தொட்டு வாட்டர் பேப்பர் வச்சுத் தேய்க்கணும், பொறவு சாம்பக் கலர் பிரைமரை மேல அடிச்சுப் பாக்கணும். அடிச்ச ஒடனே எங்க முடிஞ்சுதுன்னு நெனச்சமோ அங்க மயிரெழை கணக்கா ஒரு கோடு எட்டிப் பாக்கும், பட்டி காஞ்சா சுருங்கும்லா. திரும்பவும் தடவு, திரும்பவும் தேய். ஒட்டே தெரியக் கூடாது, வார்த்து எடுத்த ஒத்தைக் கப்பலா இருக்கணும், அதுதான் அவியளுக்கு வெறி. ரோசிட்டாவோட நகப்பாலீசு அழிக்கிற தண்ணியை வாங்கி, காது கொடையுற பஞ்சுல தொட்டு, வெளிய பிதுங்கின பட்டியத் தொடைச்சு எடுப்பாவ. இஞ்ஞாசி பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. மொத மொத அவியகூட உக்காரதுக்கு அவளுக்கு ஒரு சோலி கெடச்சுதுல்லா.

நடு வயித்துக் கோட்டுல பட்டி பூசித் தேச்சு, மொத பிரைமர்ல கோடு தெரியாமப் போன அன்னைக்கு, நம்ம கோயில் பீடத்துக்குப் பின்னால புயல்ல விட்ட விரிசல் இருந்துச்சு பாருங்க, கை நுழையுற அளவு விரிசல், அதைக் காணோம். சாமியாரு பூசைக்கு வந்து திரும்பினாரு, சுவரு சுவரா இருக்கு. கோயில் பங்குல மேஸ்திரி வச்சு அடைச்சாச்சோன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு, மேஸ்திரியோ சாமியாரு வேற ஆளை வச்சுட்டாருன்னு கோவிச்சுக்கிட்டான். மறுநாளு ஐஸ் கம்பெனித் தொட்டியில ஒழுக்கு நின்னுச்சு. வள்ளத்துல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி கசியுறது நின்னுச்சு. பேச்சிமுத்து ஆசாரி குதிகால்ல பாளம் பாளமா வெடிச்சிருக்கும், அது கொழந்தைக் கால் மாதிரி ஆயிப்போச்சு. இது எதனாலன்னு ஊரு ரொம்ப யோசிக்கல, ஒருத்தன் கஸ்பார் வீட்டு சன்னல் வழியா எட்டிப் பாத்து, அவரு கப்பலைத் தேய்க்கத் தேய்க்க என் சன்னல் சட்டத்துல இருந்த பொளவு மூடிக்கிட்டு வருதுன்னு வந்து சொன்னான். அப்படியா, சரின்னு எல்லாரும் கேட்டுக்கிட்டாவ. கடல்ல தொழில் பாக்கிற சனத்துக்கு எது எதனால வருதுன்னு கேக்க நேரம் இருக்காது டீச்சர், வந்துதா, வலையை எறக்கு, அவ்வளவுதான்.

பொறவு அந்த வீட்டுக்கு வராத ஆளு இல்ல. சீலா மீனைக் கொண்டு வந்து குடுக்கிறதென்ன, நண்டைக் கொண்டு வந்து குடுக்கிறதென்ன, என் வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு கீறலு, அதுக்குச் சேத்து ரெண்டு இழுப்பு இழுங்கண்ணேன்னு சொல்லுறதென்ன. கோயில் பங்குப் பேரவை கூடி கஸ்பார் அண்ணனுக்குப் பொன்னாடை போத்தினாவ. மிக்கேல் மவ ஜெனோவா இருக்காள்லா, அவளுக்கு முன்னம்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து, அதை வச்சு மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒவ்வொருத்தனும் ஒரு நொட்டை சொல்லிட்டுப் போவான். அந்தப் பல்லு ரெண்டும் ஒட்டிக்கிட்டு, நிச்சயமும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு, அந்த மாப்பிள்ளைப் பய முதல் நாளே கேட்டானாம், போட்டோவுல பல்லு இடையில அழகா ஒரு சந்து இருந்துச்சே, அதுக்காகத்தான சம்மதிச்சேன், எங்கன்னு. பாவம் அந்தப் புள்ளை.

பெரிய கோடெல்லாம் மூடின பொறவு சின்னக் கோட்டுக்கு எறங்கினாவ. அதுக்குப் பட்டி சரிப்படாது, ஊசி மொனை எடத்துக்குள்ள போகாது. ஒட்டுற பசை ஒரு சொட்டு விட்டு, அது காயுறதுக்குள்ள முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுனா கல்லு கணக்கா இறுகிரும். இஞ்ஞாசிதான் அவ பவுடர் டப்பாவை எடுத்துக் குடுத்தா. குடுக்கும்போது அவிய கை அவ கையில பட்டுச்சு, பட்ட கையை அவிய எடுக்கல. அன்னைக்கு மத்தியானம் அவிய சோறு தின்னுட்டு தேங்க்ஸ் சொல்லல. ஏன் புள்ளே, சின்ன வயசுல நீ சேலை கட்டும்போது யாரு மடிப்பு எடுத்து விடுவான்னு கேட்டாவ. எதுக்குக் கேட்டாவன்னு தெரியல, அவ பதில் சொன்னா, அவிய ஒண்ணு கேட்டாவ, அப்படியே பேச்சு சாயங்காலம் மட்டும் ஓடுச்சு. அந்த வாரத்துலயே கட்டில் சட்டத்துல இருந்த கை அவ தோள்பட்டைக்கு வந்துட்டு. பொறவு ரெண்டு பேரும் மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா தரையில ஒத்தை நிழல்தான் விழும். எதிர்த்த வீட்டுக்காரிக பாத்துட்டு, இந்த வயசுல என்ன ஒட்டுன்னு கேலி பண்ணினாளுவ. அவளுக்கு அந்தக் கேலி தேனா இருந்துச்சு டீச்சர். அதை நீங்க மறந்திரப்படாது. பின்னால அவ செஞ்சது என்னன்னு எடை போடணும்னா இந்தத் தேனை மறுதட்டுல வைக்கணும்.

ஆனா ஊருக்கு அன்னைக்கே புளிக்க ஆரம்பிச்சிட்டு. பவுடர் வச்ச மறுநாளு இடியாப்ப ஒழக்குல கண்ணு ஒண்ணுகூட இல்ல, மாவு வெளிய வரமாட்டேங்கு. மாவு சலிக்கிற அரிப்புத் தட்டு வெறும் தட்டாயிருச்சு. ஊசிக் காதுல நூலு போகல. செபமாலை மணியில ஓட்டை மூடி நூலைக் கவ்வி அத்துப்போட்டுட்டு, கோயில்ல கால் வைக்க முடியல, பூரா மணி. அதெல்லாம்கூடச் சமாளிச்சுக்கிட்டாவ, ஒரு காலையில கரைக்குப் போனா வலையைக் காணோம், வலை இருந்த எடத்துல துணி கெடக்கு. ஒவ்வொரு கண்ணும் மூடி, நெய்த சாக்கு மாதிரி. அதைக் கடல்ல போட்டா தண்ணியே வடியாம மொத்தக் கடலும் கூட வரும், எவன் இழுப்பான்? அப்பக்கூட ஒருத்தன் அதைப் பந்தலுக்குப் போட்டுக்கிடலாம்னு சுருட்டிட்டுப் போனான், இன்னொருத்தன் அவன் பொண்டாட்டிக்குப் பாவாடை தைக்கலாம்னான், ஊசியில காது இல்லன்னு பொறவு ஞாபகம் வந்து வச்சுட்டான்.

தலைவரும் சாமியாரும் நாலு பேரும் கஸ்பார் அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நின்னாவ. இஞ்ஞாசி கதவை மறிச்சுக்கிட்டு நின்னா. என்னத்துக்கு, விரிசல் மூடும்போது பொன்னாடை போத்தத் தெரிஞ்சுது, இப்ப ரெண்டு வலைக்கு எங்க வீட்டுக்காரரு கையைக் கட்டணுமோன்னு கேட்டா. அவ அப்படிப் பேசுற ஆளே இல்ல. சாமியாரு பேசவந்தாரு, அவருக்கு அப்ப பேச்சுல நிறுத்தமே போயிருந்துச்சு, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு விட எடம் இல்லாம எல்லாம் சேந்து ஒரே இரைச்சலா வந்துச்சு, என்ன சொல்லுதாருன்னு அவருக்கே வெளங்காம கையைக் கூப்பிக்கிட்டுத் திரும்பிட்டாரு. இஞ்ஞாசி கதவைச் சாத்திட்டு உள்ள போயி புருசன் பக்கத்துல உக்காந்தா. உக்காந்தான்னா, ஒட்டி உக்காந்தா.

மூணாவது கட்டம் அதுக்கப்புறம். துண்டு பிச்சு எடுத்த வெறும் சட்டம் மிஞ்சிக் கெடக்கும்லா, அதைப் பொடிப்பொடியா நறுக்கி ஒரு பாட்டில்ல பெயிண்டு கரைக்கிற தின்னரை ஊத்திப் போட்டா, கரைஞ்சு பாயாசம் பதத்துக்கு வரும். அந்தப் பாயாசமும் கப்பலும் ஒரே பிளாஸ்டிக்கு. அதை வச்சு அடைச்சா அது அடைச்ச எடம்னே இருக்காது, சுருங்காது, பிரைமருக்கும் காட்டிக் குடுக்காது. கஸ்பார் அண்ணன் அதைப் பூசப் பூச, ஊருக்குள்ள சந்துகள்லாம் மூட ஆரம்பிச்சுச்சு. சூசையும் மோயீசனும் அண்ணன் தம்பி, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருச்சாய்ச்சுப் போற அளவு சந்து, அது எனக்கு ஒனக்குன்னு அப்பன் காலத்துல இருந்து கேசு நடத்துறானுவ. காலையில எந்திரிச்சா சந்து இல்ல, ரெண்டு வீட்டுச் சுவரும் ஒரே சுவரு. சண்டை தீந்துச்சுன்னு நாங்க சந்தோசப்பட்டோம். அவனுவ ரெண்டு பேரும் அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காந்து அழுதானுவ, இனி அவன்கிட்ட என்னத்தைப் பேசுவேன்னு. கடல்ல ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல ஒரு சின்ன அமைதி வரும் பாருங்க, அது போச்சு, மாவு மில்லு ஓடுத மாதிரி ஒரே சத்தம். கழிமுகத்துல மண்ணு சேந்து வாயி மூடிட்டு, வள்ளம் ஒண்ணும் வெளிய போக முடியாது. கார்ல கதவு எது பக்கம் எதுன்னு தெரியல, கார் முழுசும் ஒரு கட்டி.

எல்லாம் முடிஞ்சும் கப்பல்ல ஒண்ணு மிஞ்சி இருந்துச்சு. மேல்தட்டைச் சுத்தி ஒரு தடுப்புச் சுவரு இருக்கும், அதுக்கு அடியில வரிசையாச் சின்னச் சின்ன ஓட்டை. அது பொளவு இல்ல, வேணும்னே வச்சது, அலை ஏறி விழுந்தா தண்ணி வடிஞ்சு போறதுக்கு. கப்பல்ல ஆயுசைக் கழிச்ச ஆளுக்கு அது தெரியாதா? இஞ்ஞாசிக்கே தெரியும், வள்ளத்துலயும் அது உண்டு. அவ கேட்டா, இது வடிகாலுல்லா, இதையும் அடைக்கவான்னு.

"தண்ணி ஏறினாத்தான புள்ளே வடியணும்," அப்படின்னாவ கஸ்பார் அண்ணன். "நான் ஏறவிட்டாத்தான?"

ரெண்டு பேருக்கும் அப்ப நெனப்பே ஒண்ணாயிருந்துச்சு, அவிய வாயில வந்தது அவ மனசுல இருந்ததுதான், எங்க இருந்து மறுத்துப் பேசுவா? பாட்டிலைச் சாய்ச்சுப் பிடிச்சுக் குடுத்தா. ஒவ்வொரு ஓட்டையா அடைச்சாவ. கடைசி ஓட்டை காஞ்ச அன்னைக்குக் காலையில வீடுகளுக்கு வாசல் இல்ல.

உள்ள இருந்தவன் உள்ள, வெளிய இருந்தவன் வெளிய. பால் வாங்கப் போனவன் பால் செம்போட சுவத்தைத் தட்டுதான். கடப்பாரை போட்டு இடிச்சா, இடிச்ச எடம் கடப்பாரையை எடுக்குமுன்ன மூடிக்கிட்டு வருது. அந்தக் காலையிலதான் ரோசிட்டாவுக்கு நோவு கண்டுச்சு.

டீச்சர், நோவுன்னா உங்களுக்குத் தெரியாது, நீங்க இன்னும் கல்யாணம் ஆவாத புள்ளை. நோவு வரும், போகும். வரும்போது உயிரு போற மாதிரி இருக்கும், போகும்போது ஒரு மூச்சு விட்டுக்கிடலாம், ஒரு மடக்குத் தண்ணி குடிக்கலாம், அம்மையைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த இடைவெளியிலதான் பொம்பளை பொழைக்கிறது. ரோசிட்டாவுக்கு அந்த இடைவெளி இல்ல. வந்த நோவு போகல, அதுக்கு மேல அடுத்த நோவு, அதுக்கு மேல அடுத்தது, ஒரே நோவா ஒரு பாறை கணக்கா அவ மேல உக்காந்துட்டு. கத்தணும்னா மூச்சை எடுத்து எடுத்துக் கத்தணும்லா, அவ ஒரே கத்தா கத்துதா, அது நிக்கல. பனிக்குடம் ஒடையல. நர்சு எஸ்தர் வெளிய இருந்து சுவத்துல வாயை வச்சு, கதவைத் தெறங்க, கதவைத் தெறங்கன்னு சொல்லுதா, எங்க இருக்கு கதவு?

நம்ம பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு, பிரசவம் கஷ்டமானா வீட்டுல பூட்டினதை எல்லாம் தெறந்து விடுறது. பொட்டி, பீரோ, பாத்திரத்து மூடி, முடிச்சுப் போட்ட கயிறு, தலையில போட்ட சடை, எல்லாம். இஞ்ஞாசி ஓடி ஓடிப் போனா. பீரோவுல கதவு இல்ல, அது இரும்புக் கட்டியா நிக்கு. செம்பு மூடியும் செம்பும் ஒண்ணாயிருக்கு. முந்தானை முடிச்சு வெறும் உருண்டையா இருக்கு. மவ தலைச்சடையை அவுக்கப் போனா விரலு உள்ள போகல, முடியெல்லாம் சேந்து ஒரு கயிறு. சுத்திப் பாத்தா, அந்த வீட்டுலயே மனுசக் கையால மூடினது ஒண்ணே ஒண்ணுதான் மேசை மேல இருந்துச்சு.

போய் அதைத் தூக்கினா. தூக்கின ஒடனே கஸ்பார் அண்ணனுக்கும் அவ என்ன நெனைக்கான்னு தெரிஞ்சுட்டு, நெனப்புதான் ஒண்ணாச்சே. எங்க ஒட்டுன்னு அவ கேட்டா. அவிய தடவித் தடவிப் பாத்தாவ, தெரியல. செஞ்ச கைக்கே தெரியல. நகத்தை வச்சு இழுத்தா வழுக்குது. பிரைமர் அடிச்சுப் பாத்தா, சாம்பலாப் பளபளன்னு நிக்குது, ஒரு கோடு இல்ல. ஆயுசுல மொத தடவையா அந்தக் கோடு வரணும்னு அவிய ஏங்கி நின்னாவ. உள்ள மவ கத்து நிக்கல.

அடுப்புல பேறுகாலத்துக்குன்னு போட்ட வெந்நி தளதளன்னு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. இஞ்ஞாசிக்கு யாரு சொன்னாவளோ தெரியாது, கப்பலைக் கொண்டு போயி அதுக்குள்ள முக்கினா. ரெண்டு பாதியும் ஒண்ணுன்னாலும் சூட்டுல ஒவ்வொண்ணும் அது அது போக்குல உப்பும்லா. எடுத்துப் பாத்தா, கப்பலோட வயித்துல மூக்குல இருந்து வாலு மட்டும் ஒரு கோடு, வெளுத்து, லேசாப் புடைச்சு, மவ வயித்துல தோலு விரிஞ்சு ஓடுத வரி மாதிரியே. அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு. மீன் அறுக்கிற கத்தியை எடுத்தா.

கஸ்பார் அண்ணன் கப்பலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. "இஞ்ஞாசி," அப்படின்னாவ. "இதைப் பொளந்தா நான் பழைய ஆளா ஆயிருவேன்."

"தெரியும்."

"நீ சோறு வச்சா தேங்க்ஸ் சொல்லுவேன்."

"சொல்லுங்க. இப்ப கப்பலை ஆடாமப் பிடிச்சுக்கிடுங்க."

கத்தியை மூக்குல வச்சு ஒரே இழுப்பா வாலு வரைக்கும் இழுத்தா. அவ கொஞ்சம் அமுத்தித்தான் இழுத்துட்டா, இருந்த ஒட்டையும் தாண்டி அகலமாப் போயிருச்சு. கப்பலு ரெண்டு பாதியா விரிஞ்சு அவிய கையில கெடந்துச்சு. தெருவுல அத்தனை வீட்டுக் கதவும் படபடன்னு தெறந்து சுவத்துல அடிச்சுது, அலைக்கு நடுவுல அமைதி வந்துச்சு, கழிமுகத்துல தண்ணி ஒடைச்சுக்கிட்டு ஓடுத சத்தம் கோயில் வரைக்கும் கேட்டுச்சு. உள்ள ரோசிட்டா கத்துறதை நிறுத்தி ஒரு மூச்சு விட்டா. இஞ்ஞாசி கத்தியோட திரும்பினா. கஸ்பார் அண்ணன் அவளைப் பாத்தாவ. பஸ்சுல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிற ஆளைப் பாப்போமே, அப்படிப் பாத்தாவ. கப்பலு பாதி ரெண்டையும் மேசையில வச்சுட்டு, நர்சுக்கு வழிவிட்டுப் பின்பக்கம் போயிட்டாவ. அவ நின்னு அவிய போறதைப் பாத்தா. நெடு நேரம் பாக்க முடியல, மவ கூப்பிட்டுட்டா.

அதுக்கப்புறம் அவிய ரெண்டு பேரும் சண்டை போட்டதும் இல்ல, சேந்து மாடிக்குப் போனதும் இல்ல. ரெண்டு நிழலு. ஒரு நாளு கெணத்தடியில வச்சு இஞ்ஞாசிகிட்ட வருத்தமா இருக்கான்னு கேட்டதுக்கு, அந்தக் கொஞ்ச நாளு நான் வாழ்ந்தேன்லான்னு சொல்லிட்டு வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டா. கஸ்பார் அண்ணன் போய்ச் சேந்தப்ப சவப்பொட்டிக்குள்ள ஒரு தலையணை அளவுக்கு எடம் விட்டுத்தான் படுக்க வச்சாளாம், பழகின எடம் இல்லாட்டி தூக்கம் வராதுன்னு சொன்னாளாம், எனக்கு அந்தப் பேச்சு பொறுக்காம நான் வெளிய வந்துட்டேன். ஊருலயும் முன்ன இல்லாத எடத்துல எல்லாம் பொளவு விட்டுது. சாமியாரு பேசினா ஒரு வார்த்தைக்கும் மறு வார்த்தைக்கும் நடுவுல நாம வீட்டுக்குப் போயி ஒலை வச்சுட்டு வந்திரலாம். யாரு வீட்டுக் கூரையும் ஒழுகாம இல்ல. கூரை ஒழுகுதேன்னு இங்க யாரும் மொணங்குறதும் இல்ல, ஒரு அண்டாவைக் கொண்டு அடியில வச்சுட்டுத் தூங்கிருவாவ.

என்ன? கொழந்தையா? நான் சொல்லலையா? நான் பாட்டுக்கு எங்கயோ போயிட்டேன். பொறந்துச்சு டீச்சர், கதவு தெறந்த கொஞ்ச நேரத்துல பொறந்துச்சு, பொட்டப்புள்ளை. ஆனா அழல. எஸ்தர் தலைகீழாப் பிடிச்சுத் தட்டுதா, முதுகைத் தடவுதா, உதடு ரெண்டும் ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, அங்க மட்டும் தெறக்கல. எஸ்தர் இஞ்ஞாசியைப் பாத்துத் தலையை ஆட்டிட்டா. இஞ்ஞாசி புள்ளையை வாங்கி மடியில போட்டு, வேற ஒண்ணும் செய்யல, தன் சுண்டுவிரலை அந்த உதட்டுக் கோட்டுல வச்சு, அழுத்தாம, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு மெதுவா ஓட்டினா. ஓட்டிக்கிட்டே இருந்தா. வெளிய ஊரே வாசல்ல நின்னு உள்ள பாத்துக்கிட்டு இருக்கு.

பொறவு என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டு இருங்க, அங்க பாருங்க வானம் இருட்டிக்கிட்டு வருது, தூறலே விழுந்தாச்சு. ஏட்டி எமல்டா, எங்கட்டி போன, கருவாடு நனையுது, பாயோட சுருட்டி உள்ள கொண்டாட்டி. வரும்போது இங்க டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போ, ஒங்க இஞ்ஞாசி ஆச்சி மடியில கெடந்தப்ப நீ வாயைத் தெறந்தியா இல்லையான்னு கேக்காவ.